ஆலை ஆட்குறைப்புச் செய்தால் அரசிடம் எதை, எங்கே, எப்படிக் கேட்பது: மட்டக்களப்பு, அம்பாறைத் தொழிலாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2025 மே மாதம் கட்டுநாயக்கவில் நெக்ஸ்ட் ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டு ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்டோர் ஒரே அடியில் வேலை இழந்தபோது, எங்கள் பக்கத்துக் காமென்ட் ஆலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் வீடுகளிலும் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதே ஆண்டு அமெரிக்க வரிப் பேச்சு வேறு. வாகரையிலிருந்தும் கொக்கட்டிச்சோலையிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் விடியமுன் பஸ் ஏறும் பெண்களின் சம்பளத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆலை மூடுவது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. வாழைச்சேனைக் கடதாசி ஆலையும் ஹிங்குராணைச் சீனி ஆலையும் நின்றபோது அந்த ஊர்கள் எப்படி ஒடுங்கின என்பதை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் வேலையின்மைக் காப்புறுதி கிடையாது. வேலை போனவர்களுக்கு மாதாமாதம் காசு தரும் தனி நிதியம் எதுவும் இல்லை. ஆனாலும் சட்டப்படி உங்களுக்குச் சேரவேண்டிய காசு பல இடங்களில் கிடக்கிறது: தொழில் திணைக்களத்தின் ஊடாக வரும் நட்டஈடு, பணிக்கொடை, ஊழியர் நம்பிக்கை நிதி (ஈ.டி.எஃப்), ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்), அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு, இலவசப் பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு, படிவம் வேறு. இவற்றில் பெரிய தொகை முதலாவதில்தான் இருக்கிறது. அது கிடைக்குமா போகுமா என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: கடைசி நாளில் நீங்கள் எதில் கையெழுத்து வைத்தீர்கள், ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தீர்களா. அதனால் அந்தப் பகுதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: கையெழுத்து வைக்கமுன்

ஆட்குறைப்பு நடக்கும் இடங்களில் அடிக்கடி வரும் தாள் ஒன்று இருக்கிறது. அரைப் பக்கம்தான். ஏற்கெனவே டைப் செய்திருப்பார்கள், பெயருக்கும் ஈ.பி.எஃப் இலக்கத்துக்கும் திகதிக்கும் மட்டும் புள்ளிக்கோடு விட்டிருக்கும். நடுவில் ஒரு வரி: "எனது சொந்தக் காரணங்களின் நிமித்தம் எனது விருப்பத்தின் பேரில் சேவையிலிருந்து விலகுகிறேன்." பெரும்பாலும் அது ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கும். "தங்கச்சி, இதில ஒரு கையெழுத்து வைங்க, இந்த மாசச் சம்பளம் நாளைக்கே போட்டுருவம்" என்று அன்பாகத்தான் கேட்பார்கள்.

அந்தத் தாளில் கையெழுத்து வைத்தால், உங்களை யாரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை, நீங்களாகவே விலகிவிட்டீர்கள் என்று ஆகிவிடும். நட்டஈட்டுக்கான வாசல் அங்கேயே அடைபடும். வேலை செய்த நாட்களுக்கான சம்பளம் எப்படியும் உங்களுக்குரியது. அதை வாங்க ராஜினாமாக் கடிதம் தேவையே இல்லை. விளங்காத மொழியில் எந்தத் தாள் வந்தாலும் "வீட்டில காட்டிப்போட்டு நாளைக்குக் கொண்டுவாறன்" என்று சொல்லுங்கள். தாளைத் தர மறுத்தால் போனில் படம் எடுங்கள். அதற்கும் விடாவிட்டால் கையெழுத்தே வேண்டாம்.

சில இடங்களில் "சுயவிருப்ப ஓய்வுத் திட்டம்" என்று ஒரு தொகை சொல்வார்கள். அது எல்லா நேரமும் மோசமானது அல்ல. சட்டத்தின்படி வரவேண்டிய தொகையை மூன்றாம் படியில் உள்ள கணக்கின்படி நீங்களே போட்டுப் பார்த்து, அதற்கு மேலா கீழா என்று கண்டபிறகு முடிவெடுங்கள்.

ஏற்கெனவே அழுத்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டீர்களா? விஷயம் முடிந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். எந்த நாளில், யார் முன்னிலையில், என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதை அன்றே எழுதி வைத்து, முறைப்பாட்டில் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஒரே வாசகத்தில் நூறு பேர் "சொந்தக் காரணத்துக்காக" விலகியிருந்தால், விசாரணை செய்பவருக்கும் அது புரியும்.

இரண்டாம் படி: தாள்களைச் சேர்ப்பது

நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், ஆலையின் அடையாள அட்டை, ஈ.பி.எஃப் கணக்குக் கூற்று, சம்பளம் வந்த வங்கிப் புத்தகம், தேசிய அடையாள அட்டை. நியமனக் கடிதமே தராத இடங்களும் உண்டு. அப்போது வங்கிப் புத்தகத்தில் மாதாமாதம் விழுந்த சம்பளம் பெரிய சாட்சி. சம்பளச் சிட்டை சின்னத் துண்டாக இருக்கும், மை சீக்கிரம் மங்கிவிடும். இன்றைக்கே போட்டோகொப்பி எடுத்து வையுங்கள். வேலைக்கு வர வேண்டாம் என்று வட்ஸ்அப் குழுவில் மேற்பார்வையாளர் போட்ட செய்தியும் ஆதாரம்தான். குழுவிலிருந்து உங்களை நீக்கமுன் போன் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

சிட்டையில் ஈ.பி.எஃப் இலக்கம் இருக்கிறதா, பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறியவர்களும், அடையாள அட்டையில் ஒரு எழுத்து வேறாக உள்ளவர்களும் காசு எடுக்கும்போதுதான் அலைகிறார்கள். இதை இப்போதே திருத்தத் தொடங்கலாம்.

மூன்றாம் படி: தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழில் முடிவுறுத்தல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம்தான் இங்கே உங்கள் கையில் உள்ள ஆயுதம். அது சொல்வது இதுதான்: 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு எதற்காகவும் ஒருவரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். ஓடர் இல்லை, நட்டம், ஆலை மூடுகிறோம் என்று என்ன காரணம் சொன்னாலும் இது பொருந்தும். நீங்கள் நிறுத்தப்படமுன் உள்ள 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்று: "ஒரு மாசம் வீட்டில இருங்க, ஓடர் வந்ததும் கூப்பிடுறம்" என்று சம்பளமில்லாமல் அனுப்புவதும் இந்தச் சட்டத்தின் கண்ணில் தொழில் முடிவுறுத்தல்தான். தற்காலிகம் என்று சொன்னாலும் அனுமதி வேண்டும். கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தே ஆறு மாதத்தைக் கடத்திவிடுபவர்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்காது. காத்திருங்கள், ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

எங்கே கொடுப்பது? ஆலை எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தப் பகுதிக்குரிய தொழில் அலுவலகத்தில். மட்டக்களப்பு மாவட்டத்தாருக்கு மட்டக்களப்பில். அம்பாறை மாவட்டக் கரையோரத்தாருக்குக் கல்முனை அலுவலகம் வசதி. கட்டணம் இல்லை. சட்டத்தரணி தேவையில்லை. நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதம் என்ற எல்லையை மீறவில்லை என்று காட்ட அந்த முத்திரைதான் சாட்சி.

அலுவலகத்தில் படிவம் தருவார்கள். அதோடு இப்படி ஒரு கடிதமும் சேர்த்தால் விஷயம் குழம்பாது:

"நான் மேற்படி நிறுவனத்தில் [திகதி] முதல் தையல் இயந்திர இயக்குநராகக் கடமையாற்றினேன். எனது கடைசி மாதச் சம்பளம் ரூபா [தொகை]. [திகதி] அன்று என்னையும் என்னோடு வேலை செய்த ஏனையோரையும், எமது எழுத்துமூலச் சம்மதமின்றி, வேலைக்கு வரவேண்டாம் எனக் கூறினர். இதற்குத் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி பெறப்பட்டதாக எமக்கு அறிவிக்கப்படவில்லை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விசாரணை நடத்தி, எனது வேலையை மீளப் பெற்றுத்தருமாறும், அது இயலாவிடின் உரிய நட்டஈட்டைப் பெற்றுத்தருமாறும் வேண்டுகிறேன். தரவேண்டிய சம்பளம், பணிக்கொடை, செலுத்தப்படாத ஈ.பி.எஃப், ஈ.டி.எஃப் நிலுவை என்பவற்றையும் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஆலைக்கு ஆள் வழங்கும் மான்பவர் நிறுவனம் ஊடாகப் போனவர்கள் அந்த நிறுவனத்தின் பெயரையும் ஆலையின் பெயரையும் இரண்டையும் எழுதுங்கள். யார் முதலாளி என்று விசாரணையில் தீரட்டும். நீங்களே ஒருவரை விட்டுவிடாதீர்கள்.

சரி, எவ்வளவு வரும்? கணக்கு வர்த்தமானியில் இருக்கிறது. முதல் ஐந்து வருடத்தில் ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டரை மாதச் சம்பளம். 6 முதல் 14 வரை ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு மாதம். 15 முதல் 19 வரை ஒன்றரை மாதம். 20 முதல் 24 வரை ஒரு மாதம். 25 முதல் 34 வரை அரை மாதம். ஆகக் கூடியது 48 மாதச் சம்பளம். மொத்தத் தொகைக்கும் ஒரு உச்சம் உண்டு. முன்பு பன்னிரண்டரை இலட்சமாக இருந்தது 2021இல் 25 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது.

கடைசிச் சம்பளம் 40,000 ரூபா, சேவை 8 வருடம் என்று ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து வருடத்துக்குப் பன்னிரண்டரை மாதம், அடுத்த மூன்று வருடத்துக்கு ஆறு மாதம், ஆகப் பதினெட்டரை மாதம். 40,000ஆல் பெருக்கினால் 7 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. இரண்டு மாதச் சம்பளம் தந்து கையெழுத்துக் கேட்டால் எவ்வளவை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்று இப்போது தெரியும்.

அனுமதி பெறாமல் நிறுத்தியிருந்தால் அந்த நிறுத்தம் சட்டப்படி செல்லாது. மீண்டும் வேலைக்கு எடுக்கவும் இடைப்பட்ட காலச் சம்பளத்தைக் கொடுக்கவும் ஆணையாளர் கட்டளையிடலாம். ஆலை மூடியே போயிருந்தால் நட்டஈட்டுக்குக் கட்டளையிடலாம். நிறுவனம் முறைப்படி அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தாலும் உங்களையும் விசாரணைக்கு அழைப்பார்கள். அந்த அழைப்புக் கடிதம் நீங்கள் கொடுத்த முகவரிக்குத்தான் வரும். வாடகை வீட்டிலோ போடிங்கிலோ இருந்தவர்கள் ஊர் முகவரியைக் கொடுங்கள். கிராமத் தபாற்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கூட்டமாகப் போங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே முறைப்பாடு கொடுத்தாலும் ஒரே கிழமையில், ஒரே விவரத்தோடு கொடுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் அது உங்களுக்காக ஆஜராகலாம். இல்லாவிட்டால் ஊருக்கு ஒருவரைத் தெரிவுசெய்து, விசாரணைத் திகதி வந்ததும் மற்றவர்களுக்குச் சொல்லும் பொறுப்பைக் கொடுங்கள். விசாரணை இழுபடும்போது பஸ் காசுக்கே வழியில்லாமல் ஒவ்வொருவராகக் கழன்றுபோவதுதான் நடக்கும். அந்தப் பஸ் காசைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாட்டை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள்.

15 பேருக்குக் குறைவான கடை, பேக்கரி, அரிசி ஆலை, சின்னத் தையல் நிலையம் இவற்றில் இருந்தவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கேயும் எல்லை ஆறு மாதம்தான்.

நான்காம் படி: பணிக்கொடை

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியாகியிருந்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு 14 நாள் கூலி. மேலே சொன்ன பெண்ணுக்கு இது 1 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. நட்டஈட்டோடு இதைக் கலந்து "எல்லாம் சேர்த்துத்தான்" என்று சொல்வதை ஏற்காதீர்கள். இரண்டும் வேறு வேறு காசு. நீங்களாகவே விலகியிருந்தாலும் பணிக்கொடை உண்டு. சேவை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் 10 முதல் 30 வீதம் வரை மேலதிகம் சேரும். தராவிட்டால் அதே தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு. கடைசியில் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது திணைக்களத்தின் வேலை, செலவு உங்களுடையதல்ல.

ஐந்தாம் படி: ஈ.டி.எஃப், ஈ.பி.எஃப்

இரண்டையும் ஒன்றென நினைப்பவர்கள் பலர். ஊழியர் நம்பிக்கை நிதி, அதாவது ஈ.டி.எஃப், முதலாளி மட்டும் உங்கள் சம்பளத்தில் 3 வீதம் கட்டும் காசு. வேலை போனதும் வயது பாராமல் இதை எடுக்கலாம்; ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். போன வருடம்தான் எடுத்தீர்கள் என்றால் இப்போது எடுக்க முடியாது. கைக்கு விரைவாக வரக்கூடிய காசு பெரும்பாலும் இதுவே. படிவம், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி, சேவை முடிந்ததற்கான கடிதம் இவை தேவை. ஆலை முழுதாக மூடி அலுவலர்கள் கலைந்து போகமுன், படிவத்தில் நிறுவனம் நிரப்பவேண்டிய பகுதியை நிரப்பி வாங்கிவிடுங்கள். இதைப் பின்னால் பார்க்கலாம் என்று விட்டால் முத்திரை குத்த ஆளைத் தேடி அலைய வேண்டிவரும்.

ஊழியர் சேமலாப நிதி வேறு மாதிரி. உங்களிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். வேலை போனது மட்டும் இதை எடுக்கக் காரணம் ஆகாது. திருமணத்துக்காக வேலையை விடும் பெண்களுக்கு ஒரு வழி இருக்கிறது. திருமணமாகி ஐந்து வருடத்துக்குள் விட்டவர்களும் அதில் அடங்குவர். எடுக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: வேறு வழி இருக்கும்வரை தொடாதீர்கள். முதுமையில் உங்கள் பெயரில் இருக்கப்போகும் சேமிப்பு அநேகமாக இது ஒன்றுதான்.

எடுக்காவிட்டாலும் இப்போதே செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. எல்லா மாதமும் கட்டியிருக்கிறார்களா என்று கணக்குக் கூற்றைச் சம்பளச் சிட்டைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிட்டையில் 8 வீதம் வெட்டியிருக்கும், நிதியில் அந்த மாதம் விழுந்திருக்காது. நெருக்கடியில் ஓடும் நிறுவனங்கள் முதலில் நிறுத்துவது இந்தக் கொடுப்பனவைத்தான். பிந்திக் கட்டினால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகம் விழும், அதுவும் முதலாளி தலையில். நிலுவை மாதங்களைப் பட்டியலிட்டு முறைப்பாட்டோடு இணையுங்கள்.

ஆறாம் படி: அஸ்வெசும

2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் வந்தது. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா, மிகவும் வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா. வேலை இழந்தவருக்கு என்று தனிப் பிரிவு இல்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற அடிப்படையில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். ஆகவே வேலை போனது மட்டும் போதாது, ஆனால் குடும்ப வருமானம் விழுந்தது கணக்கில் வரும்.

விண்ணப்பம் கட்டம் கட்டமாகத் திறக்கும். உங்கள் பிரதேச செயலகத்தில் நலன்புரி நன்மைகள் பிரிவில் விசாரித்து, திறந்ததும் கொடுங்கள். வீட்டில் எல்லாருடைய அடையாள அட்டை இலக்கமும், மின்கட்டணப் பட்டியலும், வங்கிக் கணக்கும் தேவைப்படும். முன்பு சம்பளத்தைக் காட்டி விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்கள், நிலைமை மாறியதை எழுத்தில் கொடுத்துத் தகவலைப் புதுப்பிக்கக் கேளுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் வேலை நிறுத்தக் கடிதத்தின் பிரதியைக் கொடுத்து வைப்பது நல்லது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யக் குறுகிய காலம்தான் தருவார்கள். எங்கள் பக்கத்தில் மேன்முறையீடு செய்வதற்கே கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. அது உங்கள் உரிமை.

ஏழாம் படி: கையில் உள்ள தொழிலுக்குத் தகைமை

பத்து வருடம் தைத்தவரிடம் ஒரு சான்றிதழும் இருக்காது. முன் கற்றலை அங்கீகரிக்கும் முறையில், வகுப்புக்குப் போகாமலே செய்முறைத் தேர்வு செய்து என்.வி.கியூ எனும் தேசிய தொழிற்தகைமை பெறலாம். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையிடம், அதாவது நைட்டாவிடம் கேளுங்கள். தையல், தச்சு, மின் இணைப்பு, சாரதி என்று பல தொழிலுக்கும் உண்டு. வெளிநாடு போவதானாலும் உள்ளூரில் வேறு ஆலைக்குப் போவதானாலும் இந்தத் தாள் சம்பளத்தில் பேசும். புதிதாகக் கற்க விரும்புபவர்களுக்குத் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்களும், மட்டக்களப்பு, சம்மாந்துறை தொழில்நுட்பக் கல்லூரிகளும் இருக்கின்றன. பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிந்தால் வேலை வெற்றிடங்களும் தெரியவரும்.

சுயதொழில் தொடங்க நினைத்தால் அதே செயலகத்தில் சிறுதொழில் முயற்சிப் பிரிவையும், சமுர்த்தி வங்கியையும் முதலில் பாருங்கள். வாசலுக்கே வந்து கிழமைக்குக் கிழமை அறவிடும் நுண்கடனை இந்த நேரத்தில் எடுக்க வேண்டாம். மட்டக்களப்புப் பெண்கள் அந்தக் கடனில் பட்ட பாடு ஊரறிந்தது. ஏற்கெனவே கடன் இருந்தால், தவணை தவறமுன் போய் வேலை போன கடிதத்தைக் காட்டி நீடிப்புக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

எங்கேயாவது சிக்கினால்

விசாரணை என்னவாயிற்று என்றே தெரியாமல் மாதங்கள் போனால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். "எனது முறைப்பாட்டில் இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, நிறுவனம் கொடுத்த பதில் கடிதத்தின் பிரதி தருக" என்று அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதினால் போதும். 14 வேலைநாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். கிடப்பில் இருந்த கோப்பை மேசைக்குக் கொண்டுவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அம்பாறை நகரத்து அலுவலகங்களிலிருந்தோ கொழும்பிலிருந்தோ சிங்களத்தில் கடிதம் வந்தால், தமிழில் தரும்படி கேளுங்கள். தமிழும் அரச கரும மொழி. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற அரசியலமைப்பே உரிமை தருகிறது. விளங்காத கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டு விசாரணைத் திகதியைத் தவறவிடக் கூடாது.

நியாயசபை அல்லது நீதிமன்றம் என்று போனால், வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாகச் சட்டத்தரணியைத் தரும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் நிலையங்கள் உள்ளன. முத்திரை குத்திய முறைப்பாட்டுப் பிரதியையும் சம்பளச் சிட்டைகளையும் எடுத்துப் போங்கள்.

வேலை போன ஊரில் வெளிநாட்டு முகவர்கள் அடுத்த கிழமையே வந்துவிடுவார்கள். கடவுச்சீட்டையோ ஈ.டி.எஃப் காசையோ கொடுக்கமுன், அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். கிளம்புவதாக முடிவானால், விசாரணையில் உங்கள் சார்பில் ஆஜராக ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்து, அதன் பிரதியைத் தொழில் அலுவலகத்திலும் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.